சுவிட்ச் பாவம்யா!

பழைய அம்பாசடர்ல ஹெட்லைட் விட்டு விட்டு எரிஞ்சா போதும், "சுவிட்ச் போச்சு சார், புதுசு போட்டுடலாம்"னு மெக்கானிக்குங்க ஒரே பாட்டு. போட்ட புதுசும் கொஞ்ச நாள்ல கருகும். கருகாம? ரிலே (சின்ன கரண்டை வச்சுப் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச்) இல்லாத வயரிங், லைட்டோட மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன காண்டாக்ட் வழியாத்தான் போகுது. அதுல 100/90 வாட் ஹாலஜன் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) வேற! ஹைபீம்ல ரெண்டு லைட்டும் சேர்ந்து 200 வாட், 12 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்.

கழட்டுறதுக்கு முன்னாடி லைட்டைப் போட்டு, சுவிட்சோட ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டரை வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா காண்டாக்ட் தேய்ஞ்சிருக்கு. லூசான லக் (வயர் முனையில மாட்டுற உலோகத் துண்டு) கூட இதே வேலையைக் காட்டும்; கருத்த லக்கை வெட்டிட்டுப் புதுசை வயரோட அழுத்தி கிரிம்ப் பண்ணாம சுவிட்சை மட்டும் மாத்துறது தண்டச் செலவு.

டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு 30 ஆம்பியர் ரிலே ரெண்டு போதும். ரிலேல போட்டிருக்கிற பின் நம்பர்படி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியா வர்றது 30-ல, லைட்டுக்குப் போறது 87-ல, டிப் சுவிட்ச் (டிம்-பிரைட் மாத்துற சுவிட்ச்) வயர் 86-ல, எர்த் 85-ல. அஞ்சு பின் ரிலேன்னா லைட் வயரை 87ஏ-வுல மாட்டிடாதீங்க, சுவிட்சை அணைச்சாலும் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி எர்த்தைக் கழட்டாம கை வைக்கிறவங்களுக்கு என்னத்தச் சொல்ல!