முலாம் ஏறிய ரிவால்வர்

எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு இந்த வருஷம் வாஞ்சிநாதன் நாடகம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல், சக்கரம் சுற்றுகிற ரிவால்வர் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? நாடகக் குழுவிடம் இருந்தது குழல் அடைத்த, சுடவே முடியாத ஒரு ரிவால்வர் மாதிரி. விசையை இழுத்தால் சுத்தியல் எழும், சிலிண்டர் சுற்றும், அவ்வளவுதான். கறுத்துக் கிடந்ததை என் அக்கா மகன் முழுசாகக் கழற்றி, ஒரு பட்டறையில் நிக்கல் முலாம் போட்டு வாங்கி வந்தான்.

கண்ணாடி மாதிரி மின்னியது. மாட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "மாமா, சக்கரம் சுத்தவே மாட்டேங்கு." கையில் அரம். முதலில் அதைப் பிடுங்கி வைத்தேன். முலாமுக்குப் பிறகு ஒரு பொருள் மக்கர் பண்ணினால் நம் ஆட்களுக்குக் கை உடனே அரத்துக்குத்தான் போகிறது. எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் எதை ராவுவது?

முலாம் 20 மைக்ரான் தடிப்பு என்றார்களாம் பட்டறையில்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஒரு பக்கத்துக் கணக்கு. சிலிண்டரைத் தாங்கும் அச்சுக்குச் சுற்றிலும் ஏறுவதால் விட்டம் 40 மைக்ரான் கூடிவிடும். மரையில் இன்னும் மோசம், சாதாரண 60 டிகிரி மரைக்கு நான்கு மடங்கு, அதாவது 80. திருகுகள் பாதியில் நின்றது அதனால்தான். போதாததற்கு முலாம் தொட்டியில் மின்சாரம் முனைகளிலும் விளிம்புகளிலும்தான் அதிகம் பாயும். அங்கே தடித்துக்கொள்ளும், துளைக்குள் சரியாக ஏறாது.

பேத்தியின் கண் மையை எடுத்து அச்சில் லேசாகப் பூசி, மாட்டிச் சுற்றினேன். நடுவில் மை அப்படியே இருந்தது, இரண்டு நுனியிலும் வழித்துப் போயிருந்தது. சிலிண்டரைப் பூட்டுகிற பல்லுக்கும் அதே வைத்தியம். அதன் மூலைகள் உப்பி, பள்ளத்தில் இறங்காமல் நின்றது. பொடி எமரித் தாளும் எண்ணெயும் வைத்துத் தேய்ப்பது, துடைப்பது, மறுபடி மை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று.

சுத்தியல் மட்டும் இழுத்தால் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. இதுவும் முலாம்தான் என்றான் மருமகன். இல்லை. முலாமுக்கு முன்னால் பளபளப்பாக்கச் சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்தெடுத்த பஃப், சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிற கூர் விளிம்பை மழுக்கியிருந்தது. முலாம் கூட்டும், பஃப் குறைக்கும். கூடினதைத் தேய்க்கலாம். குறைந்ததை என்ன செய்ய? புதுத் துண்டு செய்து போட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் பெரிய ஸ்பிரிங் உள்ளே இரண்டாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஆசிட்டில் முக்கும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். முலாம் போட்ட கையோடு 200 டிகிரி வாக்கில் சில மணி நேரம் சூட்டில் வைத்தால்தான் அது வெளியேறும். அதற்கு ஸ்பிரிங்குக்கு முலாமே போடாமல் இருந்திருக்கலாம். கண்ணுக்கே தெரியாத இடத்தில் என்ன மினுக்கு வேண்டிக் கிடக்கிறது?

பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பளபளப்புக் கேட்டோம், பளபளப்புத் தந்தார். அசைகிற உறுப்புகளை ஒதுக்கிவிட்டு உடம்பை மட்டும் கொடுத்திருக்க வேண்டியது நாங்கள்தான்.

நேற்று ஒத்திகையில் ஆறு தடவையும் சிலிண்டர் அழகாகச் சுற்றியது. ஏழாவது தடவை வாஞ்சியின் வியர்த்த கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. சொரசொரப்பாக இருந்த பிடியையும் பஃப் போட்டு முலாம் ஏற்றி வைத்திருக்கிறான்.