மெம்ஸ் ஸ்மார்ட்போனோடு பிறந்ததல்ல

"மெம்ஸ் சென்சார் எல்லாம் செல்போன் கம்பெனிகள் கண்டுபிடித்தது, கர்ட் பீட்டர்சனுக்கு ஐஇஇஇ பதக்கம் கொடுத்தது சும்மா மூத்தவர் என்ற மரியாதைக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மெம்ஸ் என்றால் சிலிக்கான் சிப்பில் செதுக்கும் மிக நுண்ணிய இயந்திர அமைப்புகள்; ஐஇஇஇ என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கம். கதை அப்படியே தலைகீழ்.

அமெரிக்கப் பொறியாளர் பீட்டர்சனின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1982இல். சிலிக்கான் மின்சாரத்துக்கு மட்டுமல்ல, எஃகுக்கு ஈடான வலிமையுள்ள இயந்திரப் பொருளும்கூட. சிப் செய்யும் அதே முறையில் அதை அரித்துச் செதுக்கலாம் என்று அதில் விளக்கினார். அப்புறம் நோவாசென்சார், செஃபீட், சைடைம் நிறுவனங்களை இணைந்து தொடங்கி, அதையெல்லாம் சந்தைக்கும் கொண்டுவந்தார். 2019இல் கிடைத்த பதக்கம் இதற்குத்தான்.

வேக மாற்றத்தை உணரும் மெம்ஸ் சென்சாரான முடுக்கமானியையே பாருங்கள். மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு துணுக்கு, அதன் ஓரத்தில் சீப்புப் பற்கள். அசைந்தால் பற்களின் இடைவெளி மாறும், கூடவே மின்தேக்குதிறனும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாறும். சுற்று அதைப் படித்துவிடும். இது 1990களிலேயே கார் ஏர்பேக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்மார்ட்போன் பிறகு வந்த வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

சரி, அதற்காக பீட்டர்சன்தான் எல்லாவற்றுக்கும் முதல் ஆள் என்று இன்னொருவர் சொன்னதும் மிகைதான். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஹார்வி நேதன்சன் குழு, அதிரும் கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) கொண்ட டிரான்சிஸ்டரை, அதாவது அசையும் பாகமுள்ள மின்னணுக் கருவியை, 1960களிலேயே செய்துவிட்டது.