பாதித் தையலோடு கிளம்புங்கள்

வெளிநாட்டுப் பயணத் தேதி நெருங்கினாலே குவில்ட் தைப்பவர்களுக்கு ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். டிக்கெட் எடுத்தாச்சு, விசா வந்தாச்சு, பெட்டியும் பாதி அடுக்கியாச்சு. மனசு மட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் மடித்துக் கிடக்கும் குவில்டையே சுற்றிச் சுற்றி வரும். "கிளம்புறதுக்குள்ள இதை முடிச்சிடணும்" என்று ராத்திரி கண்விழித்து உட்காருவோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்குத் தையலும் வேண்டும், ஊர் பார்ப்பதும் வேண்டும். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். "இப்படிப் பறந்துகொண்டே இருந்தால் எப்போது தைத்து முடிப்பாய்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குவில்டைக் கெடுப்பது பயணத்துக்கு முந்தைய அவசரம். பயணத்தின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்து ஓடும் தையல்தான் குவில்டிங். அதற்கு முன்னால் துணியைத் துவைத்து இஸ்திரி போட வேண்டும், வெட்ட வேண்டும், துண்டுகளைக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும், கட்டங்களை இணைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஓரத்தை மூடித் தைக்கும் பைண்டிங். ஒவ்வொரு படிக்கும் நடுவில் இயல்பாகவே ஒரு நிறுத்தம் இருக்கிறது. மேல்துணி முடிந்த நிலையில் ஒரு குவில்ட் பத்து மாதம் அலமாரியில் கிடந்தாலும் அதற்கு ஒரு குறையும் வராது.

தூக்கக் கலக்கத்தில் தைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தையலுக்கு நாம் விடுவது கால் இன்ச். தையல் கோடு 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போனால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து அந்த இணைப்பில் 2 மில்லிமீட்டர் குறையும். பத்துத் துண்டு கொண்ட ஒரு வரிசையில் ஒன்பது இணைப்பு. ஆக 18 மில்லிமீட்டர் போச்சு. பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? இழுத்துப் பிடித்துத் தைத்தால் குவில்ட் நடுவில் உப்பும், ஓரம் அலையாக நெளியும். விமானத்தில் ஏறுவதற்கு முந்தைய இரவு அவசரமாகத் தைத்ததைப் பிரிப்பதிலேயே திரும்பி வந்த முதல் வாரம் போய்விடும். அதற்குப் பேசாமல் தூங்கலாம்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்திய நிலையில் மாதக்கணக்கில் விட்டுப் போகாதீர்கள். ஈரக்காற்று பட்டால் ஊக்கு துருப்பிடிக்கும், அந்தக் கறை பருத்தித் துணியை விட்டு லேசில் போகாது. வெட்டி வைத்த துண்டுகளை எந்தக் கட்டத்துக்கு எது என்று எழுதி, தனித்தனி உறையில் போடுங்கள். கட்டங்களைத் தரையில் பரப்பி அடுக்கி வைத்திருந்தால், எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ. அப்புறம் ஒரு துண்டுச்சீட்டு: ஊசி எண், நூலின் எண்ணும் நிறமும், தையல் நீளம், மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் எது மாட்டியிருந்தது, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன. திரும்பி வரும்போது இதில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. சீட்டை நூலால் துணியிலேயே கோத்துவிட்டால் தேடவும் வேண்டாம்.

மறையும் பேனாக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இஸ்திரிச் சூடு பட்டால் காணாமல் போகும் மையால் குவில்டிங் கோடு போடுகிறோம் இல்லையா? அந்த மை துணியை விட்டுப் போவதில்லை, நிறத்தை மட்டும் இழக்கிறது. உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்தால் கோடுகள் மறுபடி தெரிய ஆரம்பிக்கும். பனி கொட்டும் ஊரில் இருப்பவருக்குப் பரிசாகக் கொண்டுபோகும் குவில்டில் இந்தப் பேனா வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரையும் பேனா போதும், கிளம்பும் முன் ஒருமுறை அலசிவிட்டால் சரி.

சரி, கூட எதை எடுத்துப் போவது? மிஷினை எடுத்துப் போக ஆசைப்படாதீர்கள். 1933-ல் வந்த சிங்கர் ஃபெதர்வெயிட் 221 சுமார் 11 பவுண்டுதான், இன்றும் பலர் அதைப் போகுமிடமெல்லாம் தூக்கிப்போகிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது ஒத்துவரும். விமானத்தில் 5 கிலோவைத் தூக்கிக்கொண்டு, போகும் நாட்டின் மின்சாரத்துக்கு அது ஓடுமா என்றும் கவலைப்பட வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. போன இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மிஷின் வாங்க நினைப்பவர்களும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு கைத்தையலுக்கே, அதிலும் காகிதம் வைத்துத் தைக்கும் அறுகோணங்களுக்கு. ஒரு இன்ச் பக்கம் உள்ள அறுகோணக் காகிதம். சுற்றிலும் கால் இன்ச் கூடுதலாக வெட்டிய துணியின் பின்பக்கத்தில் அதை வைத்து, ஓரங்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூலைக்கு ஒரு தையல் போட்டு நிறுத்துவோம். இப்படித் தயாரான இரண்டை நல்ல பக்கம் உள்ளே பார்க்கச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசியால் கவ்விக் கவ்விப் போக வேண்டும். ஊசி காகிதத்தில் உரசும் சத்தம் விரலுக்கே கேட்கும். உரசலாம், குத்தக் கூடாது. விளிம்பு முடிந்ததும் விரித்துப் பார்த்தால் நேர்க்கோடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு வைத்தால் ஒரு பூ. போர்டிங் அறிவிப்பு வந்தால் ஊசியைத் துணியில் குத்தி, பையில் போட்டு எழுந்துவிடலாம். எங்கே விட்டோம் என்று யோசிக்கவே வேண்டாம். கிளம்பும் முன் வீட்டிலேயே துணியையும் காகிதத்தையும் வெட்டி வைத்துக்கொண்டால் போன இடத்தில் கத்தரிக்கோலுக்குக்கூட அதிக வேலை இல்லை.

விமானக் கைப்பையில் தையல் ஊசிக்குப் பொதுவாகத் தடை இல்லை. கத்தரிக்கோலுக்கு அளவு உண்டு. அமெரிக்காவில் இரண்டு அலகும் சேரும் ஆணியிலிருந்து நுனி வரை 4 இன்ச்சுக்குள், பிரிட்டனில் அலகு 6 சென்டிமீட்டருக்குள். வட்டக் கத்தியை உருட்டித் துணி வெட்டும் ரோட்டரி கட்டரை மறந்தும் கைப்பையில் வைக்காதீர்கள், அது செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். சோதனையில் நிற்கும் அதிகாரி வேண்டாம் என்றால் அதுவே முடிவு. அதனால் பாட்டி காலத்துக் கத்தரிக்கோலை எல்லாம் எடுத்துப் போகாமல், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒன்றை எடுத்துப் போங்கள்.

பயணத்தில் தைக்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ராஜா குவில்ட்தான் ஞாபகத்துக்கு வரும். 1841 ஏப்ரலில் இங்கிலாந்தின் வூல்விச்சிலிருந்து ராஜா என்ற கப்பல் சுமார் 180 பெண் கைதிகளோடு கிளம்பியது. போக வேண்டிய இடம் வான் டீமன்ஸ் லேண்ட், இன்றைய டாஸ்மேனியா. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் சங்கம் இப்படி நாடு கடத்தப்படும் பெண்களுக்கு ஒரு பை கொடுப்பது வழக்கம். அதில் 100 ஊசி, நூல், விரலுறை, கத்தரிக்கோல், 2 பவுண்டு துண்டுத் துணி. ஜூலையில் கப்பல் ஹோபார்ட் போய்ச் சேர்வதற்குள் 2,815 துண்டுகள் கொண்ட, ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு விரிப்பை அவர்கள் முடித்திருந்தார்கள். நன்றி சொல்லும் வாசகத்தைக் குறுக்குத் தையலில் போட்டு, 1841 ஜூன் என்று தேதியும் தைத்திருக்கிறார்கள். இன்று அது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பஞ்சு அடுக்கு இல்லாததால் கறாராகப் பார்த்தால் அது குவில்டே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை.

அந்தப் பெண்கள் விரும்பிப் போகவில்லை. நம் சுற்றுலாவை அவர்கள் பயணத்தோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்ப்பது அந்தத் தையலை மட்டும். பல கைகள் போட்டது, சில இடத்தில் கச்சிதம், சில இடத்தில் தடுமாற்றம். கப்பல் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அவர்களிடம் மேஜை இல்லை, கட்டிங் மேட் இல்லை, வசதியான வெளிச்சமும் இல்லை. கையில் பிடிக்கக்கூடிய சின்னத் துண்டுகள் இருந்தன. ஒட்டுத் தையலின் வசதியே அதுதான்: மடியில் அடங்கும் அளவு வேலை, எங்கே உட்கார்ந்தாலும் தொடரலாம். உலகப் போரின்போது 1942-ல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்களும் ஆளுக்கொரு சதுரமாகத் தைத்துத்தான் குவில்ட் செய்தார்கள், ஒன்றுக்கு 66 சதுரம். வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க ஒவ்வொருத்தியும் தன் சதுரத்தில் தன் பெயரைத் தைத்தாள்.

முடிக்காத குவில்டை ஏதோ கடன் பாக்கி மாதிரி பேசும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 'எத்தனை பெண்டிங் வைத்திருக்கிறாய்' என்று எண்ணிக் காட்டி வெட்கப்பட வைப்பது எதற்கு? பழைய இங்கிலாந்து ஒட்டுத் துணிகளில் பாதியில் நின்றவை ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷம். ஏனென்றால் உள்ளே வைத்த காகிதம் இன்னும் அப்படியே இருக்கும். பழைய கடிதம், செய்தித்தாள், கணக்கு நோட்டு என்று கையில் கிடைத்ததை அறுகோணமாக வெட்டியிருப்பார்கள். அதில் இருக்கும் தேதியையும் எழுத்தையும் வைத்து அது எந்தக் காலத்துத் தையல் என்று கண்டுபிடிக்கிறார்கள். முடித்த குவில்டில் பெரும்பாலும் அந்தக் காகிதத்தை உருவிவிட்டிருப்பார்கள், அந்தச் சாட்சியமும் போயிருக்கும்.

இன்னொன்று துணி வாங்குவது. வெளிநாடு போனாலே பெட்டி நிறையத் துணியோடுதான் திரும்ப வேண்டும் என்று ஒரு எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. குவில்டிங் பருத்தி ஒரு மீட்டர் ஏறக்குறைய 150 கிராம். ஆறேழு மீட்டர் எடுத்தால் ஒரு கிலோ. கைப்பைக்குப் பல விமான நிறுவனங்கள் தருவதே 7 கிலோ. அதைவிடப் பெரிய கேள்வி, எந்த வேலைக்கு என்று தெரியாமல் வாங்கிய துணியை என்றைக்கு வெட்டப் போகிறோம்? அங்கே மட்டும் கிடைப்பதை, அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று எடுத்தால் போதும் என்பது என் கருத்து. டோக்கியோவின் நிப்போரியில் தெரு முழுக்கத் துணிக்கடைகள், ஒரு நாள் போதாது. அங்கே யுகாதா என்ற கோடைக்கால உடைக்கு நெய்த துணிச்சுருளை எடுத்தால் அகலம் 36, 38 சென்டிமீட்டர்தான் இருக்கும். 42 இன்ச் அகலத் துணிக்குப் போட்ட கணக்கு அதில் செல்லாது, கட்டத்தின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். ஜப்பானிய பேட்டர்ன்களில் தையலுக்கு விடுவது பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். நம் கால் இன்ச் 6.35. இரண்டையும் கலந்தால் முன்னே சொன்ன கணக்குதான் மறுபடி. இண்டிகோ துணி எடுத்தால், வெள்ளையோடு சேர்ப்பதற்கு முன் தனியாகத் துவைத்துச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள்.

கடையில் செலவிடும் நேரத்தில் பாதியைப் பழைய குவில்டுகளுக்கு முன்னால் நின்று செலவிட்டால் கை இன்னும் வளரும். இதை நான் அழுத்தியே சொல்வேன். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14-ஆம் நூற்றாண்டுச் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் குவில்ட் இருக்கிறது. லினன் துணிக்குள் பஞ்சை அடைத்து உருவங்களை எழும்ப வைத்திருக்கிறார்கள். வீரர்கள், குதிரைகள், கப்பல் எல்லாம் வண்ணத் துணி இல்லாமல் தையல் கோட்டாலும் மேடு பள்ளத்தாலும் தெரிகின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் குவில்டுக்கென்றே சர்வதேச அருங்காட்சியகம் இருக்கிறது. 1997-ல் ஜேம்ஸ் தம்பதியர் கொடுத்த சுமார் 950 குவில்டுகளோடு ஆரம்பித்தது. அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்டுகளை 2006-ல் அமெரிக்கத் தபால்துறை பத்துத் தபால்தலைகளாக வெளியிட்டது. முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம்கூட அதில் ஒரு நிறமாக உட்கார்ந்திருக்கும். துணி வெளிச்சத்தில் கெடும் என்பதால் அருங்காட்சியகங்கள் குவில்டுகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். எது எப்போது காட்சியில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரே ஒரு கட்டுப்பாடு: நேர வித்தியாசம் உடம்பை விட்டுப் போகும்வரை ரோட்டரி கட்டரைத் தொடுவதில்லை. அந்த வட்டக் கத்தி துணியையும் விரலையும் வேறுபடுத்திப் பார்க்காது. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பாபினில் நூல் சுற்றலாம், கொண்டுவந்த துணியைத் துவைக்கலாம், அறுகோணங்களிலிருந்து தற்காலிக நூலைப் பிரிக்கலாம். வெட்டுவதெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு.

கேட்டவர்களுக்கு எல்லாம் தேதி சொல்வதையும் நிறுத்திவிட்டேன். இப்போது மிஷின் மேல் ஒரு நட்சத்திரக் குவில்ட், ஓரப் பட்டி இல்லாமல் நிற்கிறது. தோழி தன் பேத்திக்காகக் கேட்டது. சீட்டு எழுதிக் கோத்தாச்சு. "நான் போய்ட்டு வந்துதான் முடிப்பேன், பிறந்தநாளுக்குக் கிடைக்காது" என்று அவளிடம் சொன்னேன். "குளிர்காலத்துக்குள்ள கொடுத்தா போதும், நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றாள்.