'அண்ட்' உறுத்துகிறது, 'டிட் நாட் வென்ட்' உறுத்தவில்லையா?

ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினால் போதும், திருத்துகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். வாக்கியத்தை 'அண்ட்' போட்டு ஆரம்பிக்கக் கூடாதாம், 'வித்', 'ஃபார்' என்று முடிக்கக் கூடாதாம். யார் சொன்னது? முடிவில் 'வித்' வந்தால் தப்பு என்பது 1672இல் ட்ரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சனின் வரிகளைக் குறை சொல்லப்போய்க் கிளப்பிவிட்ட சங்கதி. அப்புறம் வந்த வாத்தியார்கள் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நாள் முழுக்க அப்படித்தான் முடிக்கிறார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

சரி, இவ்வளவு கறாரான ஆள் அதே மெயிலில் இருக்கிற 'ஹி டிட் நாட் வென்ட்' என்பதைத் தொட்டாரா என்றால், இல்லை! 'டிட்' வந்தபோதே இறந்தகாலம் வந்தாயிற்று, பின்னால் வெறும் 'கோ' போதும். கேள்வியிலும் அப்படித்தான், 'டிட் யூ ஸீ' என்று கேட்க வேண்டுமே தவிர 'டிட் யூ சா' இல்லை. ஒரே வினைக்கு எத்தனை தடவைதான் இறந்தகாலம் காட்டுவது? இதை யாராவது ஒழுங்காக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பேசும்போது இப்படித் திணற மாட்டார்கள்.

'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' எல்லாம் தாராளமாக உலவுகின்றன. டிஸ்கஸுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, ரிட்டர்னுக்குள்ளேயே 'திரும்ப' இருக்கிறது, எதற்கு இன்னொன்று? 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்கிறார்கள், பலரில் ஒருவர் என்றால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்றுதானே வர வேண்டும்? ஆனால் பின்னால் வருவது 'இஸ்'தான், 'ஆர்' இல்லை, ஏனென்றால் பேச்சு அந்த ஒருவரைப் பற்றியது. 'இட்ஸ்' எழுதும்போது மேலே அந்தக் குட்டிக் குறி வேண்டுமா என்று குழம்பினால், 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் குறி, பொருந்தாவிட்டால் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது, 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று வர வேண்டிய இடத்தில் வரும் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' தான். சின்ன வயதில் 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்று சொன்னதற்குக் குட்டு வாங்கி வாங்கி, 'மீ' என்பதே ஏதோ கெட்ட வார்த்தை என்று பயந்து, எங்கே பார்த்தாலும் 'ஐ'யைச் சொருகிவிட்டு அதுதான் உயர்ந்த ஆங்கிலம் என்று நம்புகிறார்கள். 'ஷி கேவ் இட் டு ஹிம் அண்ட் ஐ' என்று எழுதுகிற மகானுபாவர்களே, அந்த 'ஹிம்'மைத் தூக்கிவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். 'ஷி கேவ் இட் டு ஐ'. காது கூசவில்லை? இதில் இன்னொருவர் சரியாக எழுதிய 'மீ'யை வேறு அடித்துத் திருத்துகிறீர்கள்!