மூன்றாம் சரணத்தில் மைக்கைப் பிடித்தவருக்கும், கைதட்டியவர்களுக்கும்

ஞாயிறு மாலை நம்முடைய பிள்ளைகளின் பாண்ட் நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி இவ்வளவு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். வீடியோ எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றி முடிந்துவிட்டது. "முழு ஹோலும் எழும்பி நின்று பாடிச்சு, மெய்சிலிர்த்துப் போச்சு" என்று பகிர்ந்திருக்கிறீர்கள். நேற்று ஒருவர் எனக்கே அனுப்பி, "நீங்கள் பாண்ட் ஆள்தானே, சந்தோஷமாய் இருந்திருக்குமே" என்று கேட்டார். இல்லை. சந்தோஷமாக இல்லை. இன்னும் வயிறு எரிகிறது.

அந்தப் பிள்ளைகள் உங்களுக்குப் பின்னணி வாசிக்க வரவில்லை.

நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே இருந்தது, கொன்சேர்ட் பாண்டுக்காக, அதாவது ஊது வாத்தியங்கள் சேர்ந்து மேடையில் கச்சேரி வாசிக்கும் பாண்டுக்காக, எழுதிய இசை என்று. "பாடுவோம்" என்று எங்கேயும் இல்லை. எடுத்துக்கொண்டது "என்னோடிரும் மா நேச கர்த்தரே" (ஆங்கிலத்தில் "அபைட் வித் மீ") என்ற ஞானப்பாட்டின் மெட்டு. அதைப் பாண்ட் மாஸ்டர் நான்கு சரணமாக விரித்து எழுதியிருந்தார். முதல் சரணத்தைக் கிளரினெட்டுகள் கீழ்ச் சுரங்களில், பாட்டுப் புத்தகத்தில் உள்ள நான்கு குரல் போலவே அடக்கமாக வாசித்தன. இரண்டாவதில் மெட்டு புல்லாங்குழலுக்குப் போனது, கொம்புகள் அதற்கு எதிராக வேறொரு மெட்டைப் பின்னின. மூன்றாவதில் எல்லாம் ஓய்ந்து, யூபோனியம் என்ற கனத்த குரல் பித்தளை வாத்தியம் மட்டும் தனியே. அதுவும் மைனரில், சோகம் தொனிக்கும் சுர வரிசையில். அந்த மெட்டு வழக்கமான மேஜர் சுர வரிசையிலேயே காதில் ஊறியவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு கனக்க வேண்டும். அதற்காகத்தான் அதை அப்படி எழுதினார். பிறகு நான்காவதில் முழு பாண்டும் ஒரு படி மேலே ஏறி, எஃப் மேஜரில் திறக்கும்.

அந்த மூன்றாவது சரணம் தொடங்கிய கையோடுதான் நம்முடைய பெரியவர் எழும்பி மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் எழும்பிப் பாடுவோம்." சபை மேஜரில் பாடுகிறது, பிள்ளை மைனரில் வாசிக்கிறாள். இரண்டு வரி தாக்குப்பிடித்தாள். பிறகு வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டாள். மாஸ்டருடைய கை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. நான்காம் சரணம் வாசிக்கப்படவே இல்லை. இதெல்லாம் நீங்கள் பகிர்ந்த வீடியோவில் கிடையாது, ஏனென்றால் படம் பிடித்தவர் கமராவைச் சபைப் பக்கம் திருப்பிவிட்டார்.

உடனே சொல்வீர்கள், ஞானப்பாட்டு பாடுவதற்குத்தானே, வார்த்தை இல்லாமல் அதில் என்ன இருக்கிறது என்று. இந்தக் கேள்விக்கு நான் ஆறுதலாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பாட்டின் வார்த்தைகளை ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதியது 1847இல். நாம் பாடுகிற மெட்டை வில்லியம் ஹென்றி மங்க் போட்டது 1861இல். அதற்குள் லைட் இறந்து பல வருடமாகிவிட்டது. அந்த மெட்டுக்கு 'ஈவன்டைட்' என்று தனிப் பெயரே உண்டு. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மெட்டுகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று, அசைக் கணக்கின்படி இன்னொன்று. இந்த மெட்டை அந்தப் பாட்டுக்கும், அந்த மெட்டை இந்தப் பாட்டுக்கும் மாற்றிப் போட்டுப் பாடுவது திருச்சபையின் நெடுநாள் வழக்கம். பெரிய வெள்ளியில் நாம் கண்ணீரோடு பாடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஞானப்பாட்டின் மெட்டு, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டினுடையது. பிறகுதான் அது சிலுவையடிக்கு வந்தது. மெட்டுக்கு என்று ஒரு சொந்த உயிர் இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா?

நம்முடைய பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவின் தேசிய கீத மெட்டு. பாண்ட் வாசித்ததை அவர் மேலே ஏறிப் பாடிக் கெடுக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார். கேட்டதால்தான் எழுத முடிந்தது.

இந்தியாவில் ஒவ்வொரு ஜனவரி 29ஆம் திகதியும் டெல்லியில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கும். அங்கே பல பத்து வருடங்களாக இதே ஈவன்டைட் மெட்டைத்தான் பாண்டுகள் சேர்ந்து வாசித்தன, காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதற்காக. பெரும்பாலும் இந்துக்கள் நிறைந்த கூட்டம். ஒருவரும் பாடவில்லை, மைக்கைப் பிடிக்கவில்லை. மெட்டு வாசித்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2022இல் அதை நீக்கியபோது கிறிஸ்தவர் அல்லாத எத்தனை பேர் மனம் வருந்தி எழுதினார்கள் என்பது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நீங்களும்தான் பகிர்ந்தீர்கள். வார்த்தையே இல்லாத அந்த மெட்டுக்காகத்தான் அன்று வருந்தினீர்கள்.

"இங்கிலாந்தில் எஃப்.ஏ. கப் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பாண்டோடு சேர்ந்து முழு மைதானமும் இதைப் பாடுகிறதே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மை, 1927 முதல் பாடுகிறார்கள். அது பாடுவதற்கென்றே வாசிப்பது. சுருதி மாறாது, தாளம் இழுபடாது, நடுவில் மைனருக்குப் போகாது. பாட்டுக்கு வாசிப்பது ஒன்று, பாட்டையே வாசிப்பது இன்னொன்று. பாடகர் பாடும்போது வயலின்காரர் கூட வாசிப்பார். அதே வயலின்காரர் தனிக் கச்சேரி செய்யும்போது, வெள்ளவத்தையில் எந்த சபாவிலாவது யாராவது எழும்பிக் கூடவே பாடுவார்களா? தெரிந்த கீர்த்தனைதான், எல்லாருக்கும் சாகித்தியம் மனப்பாடம்தான். ஆனாலும் பாடமாட்டோம். அந்த மரியாதை ஏன் பதினைந்து வயதுப் பிள்ளையின் யூபோனியத்துக்கு இல்லை?

பாண்டுக்கு எழுதுவது இரண்டாந்தர வேலை என்ற எண்ணம்தான் காரணம். ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு மார்ச் வாசிக்க, பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரைக் கூட்டி வர, பள்ளிக்கூடங்களின் பிக் மட்ச் கிரிக்கெட்டில் பாப்பரே என்ற கொண்டாட்ட இசை அடிக்க. இதற்குத்தான் பாண்ட் என்று கொழும்பில் நமக்குப் பழகிவிட்டது. பாப்பரே எனக்கும் பிடிக்கும், நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இலேயே பாண்டுக்கென்று தனியாக ஒரு 'சூட்' (பல பகுதிகள் கொண்ட இசை) எழுதிவிட்டார். அமெரிக்கக் கடற்படை பாண்டின் ஐம்பதாவது ஆண்டுக்காக 1975இல் குளோட் ஸ்மித் எழுதியது கடலோடிகளுக்கான ஞானப்பாட்டு மெட்டின் மேல். டேவிட் ஹோல்சிங்கர் 1989இல் எழுதிய ஒன்றை இன்று உலகம் முழுக்கப் பள்ளிக்கூட பாண்டுகள் வாசிக்கின்றன. அது பிலிப் பிளிஸின் "இட் இஸ் வெல்" மெட்டு. நான்கு மகள்மாரையும் 1873இல் கடலில் பறிகொடுத்த ஹொரேஷியோ ஸ்பாஃபர்டின் வார்த்தைகளுக்கு, பிளிஸ் 1876இல் போட்ட மெட்டு. அதே வருடம் டிசம்பரில் ரயில் விபத்தில் பிளிஸும் போய்விட்டார். அந்த மெட்டை ஹோல்சிங்கர் முழக்கமாக எழுதவில்லை. கடைசிவரை மெதுவாக, ஆறுதலாகவே போகும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்பீர்களா? இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) இலங்கைக்கு வந்தது 1883இல். அதற்கு ஐந்து வருடம் முன்புதான் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் சார்ல்ஸ் ஃபிரை என்ற கட்டடக்காரரும் மூன்று மகன்மாரும் தெருக்கூட்டங்களில் பித்தளை வாத்தியம் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். இரட்சணிய சேனையின் பாண்டுகளுக்கு அதுதான் தொடக்கம். ஞானப்பாட்டு மெட்டுகளைப் பாண்டுக்கு விரித்து எழுதி, சபை அமைதியாக இருந்து தியானிக்கும் மரபு அந்தச் சேனையுடையது. தியானம். பாடாமல்.

இனி நான் சொல்லப் போவது சொந்த விஷயம். அப்பா இறந்தபோது கனத்தை மயானத்தில் வைத்து, அவரோடு ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனைத் திருவிழாக்களில் வாசித்த பழைய கூட்டாளிகள் சிலர் வந்திருந்தார்கள். ஒரு கோர்னெட், ஒரு ரொம்போன், ஒரு யூபோனியம். எல்லாருக்கும் வயது போய்விட்டது, மூச்சு நிற்கவில்லை. இதே மெட்டைத்தான் வாசித்தார்கள். போதகர் பாட்டு எண் சொன்னபோதெல்லாம் அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை, புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார். அந்த மூன்று பேரும் வாசிக்கத் தொடங்கியதும் புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அன்றைக்கு யாராவது "எல்லாரும் பாடுவோம்" என்று தொடங்கியிருந்தால் அம்மாவுக்கு அதுவும் கிடைத்திருக்காது. பாட முடியாதவர்களும் சபையில் இருக்கிறார்கள். தொண்டை அடைத்தவர்கள், வார்த்தையை இப்போதைக்கு நம்ப முடியாதவர்கள், தமிழும் ஆங்கிலமும் தெரியாத பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி. வார்த்தை இல்லாத மெட்டு அவர்களையும் உள்ளே விடுகிறது. அன்று ஹோலிலும் அப்படி ஒருவராவது இருந்திருப்பார் என்று யாராவது யோசித்தீர்களா?

"பெரியவர் ஆவியின் ஏவுதலால்தான் எழும்பினார், அதைத் தடுக்க நீ யார்?" என்ற கருத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆவி அந்தப் பிள்ளையின் மூச்சிலும் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

"வயதானவர், மரியாதை வேண்டாமா?" மரியாதை இருக்கிறது. அதனால்தான் பெயர் எழுதவில்லை, ஆலயத்தின் பெயரும் எழுதவில்லை. மாஸ்டருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கையால் பிரதி எழுதி, படியெடுத்து, கிழிந்ததை ஒட்டிக் கொடுத்த மனிதர். 2022இல் ரூபா விழுந்தபின் ஒரு பெட்டி ரீட் (கிளரினெட் வாயில் பொருத்தும் நாணல் துண்டு) வாங்குவதே தாய் தகப்பனுக்குப் பாரமாகிவிட்டது. ஒரே ரீட்டை மாதக்கணக்கில் வைத்து ஊதும் பிள்ளைகள் இவர்கள். டியூஷனுக்கும் ஓ லெவல் சோதனைக்கும் நடுவில் சனிக்கிழமை பின்னேரத்தை இதற்கென்று கொடுத்தவர்கள். அவர்களுக்கு மரியாதை வேண்டாமா?

இன்னொன்றும் கேட்கிறேன், இது எனக்கு நெடுநாள் மனக்குறை. இருநூறு வருடமாக நாம் பாடிவரும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எத்தனை பேர் பாண்டுக்கு எழுதியிருக்கிறோம்? சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர், தீட்சிதர் 1775இல். ஒரே மண், ஒரே காலம். நம்முடைய இலங்கைப் போதகர் டி.டி. நைல்ஸ் 1960களிலேயே ஆசிய மெட்டுகளைத் திரட்டி ஆசியத் திருச்சபைகளுக்கென்று ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அந்த வேலையை வாத்தியத்தில் தொடர யாராவது ஒரு ஆள் வேண்டாமா? ஆனந்த பைரவி ராகத்தின் வளைவுகளை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை சக்ஸபோனில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. மாஸ்டர் அடுத்ததாக அதைத்தான் எழுதத் தொடங்கியிருந்தார். ஞாயிறுக்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார்.

அந்தப் பிள்ளை இந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. தாய்க்குப் போன் எடுத்தேன். "அவளுக்கு வெட்கமாய் இருக்காம் அங்கிள், தான் பிழையாய் வாசிச்சதாலதான் எல்லாரும் பாடத் தொடங்கினதாம் என்று நினைக்கிறாள்." இதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். அவள் ஒரு சுரம்கூடப் பிழைவிடவில்லை. மைனரில் வாசிக்கச் சொன்னார்கள், மைனரில் வாசித்தாள்.

வீடியோவைப் பகிர்ந்தவர்கள் அவளுடைய அம்மாவுக்கு அதை ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மைக்கைப் பிடித்த பெரியவர் நேரில் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது, வீடு அவருக்குத் தெரியும். மாஸ்டர் சம்மதித்தால், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலத்துக்குள் நான்கு சரணத்தையும் முழுதாக வாசிக்க வைப்போம். வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்க வாருங்கள். பாட விரும்புகிறவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்ததும் தனியாக ஒரு பாட்டு வைப்போம், நானே கிளரினெட் வாசிக்கிறேன்.