கோட்டைத் தாண்டினாலே வைட்டா?
கொழும்பு கெத்தாராம மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் நடந்தால் வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் டீவித் திரைப் படமொன்று சுற்றும்: "பந்து கோட்டுக்கு வெளியே, வைட் தரவில்லை, களவு!"

களவு ஒன்றுமில்லை. வைட் என்றால் துடுப்பாட்டக்காரரின் சாதாரண அடிக்கு எட்டாமல் அகன்று போகும் பந்து. ஒருநாள், டி20 போட்டிகளில் நடு ஸ்டம்பிலிருந்து 35 அங்குலத்தில் போடும் அந்தக் கோடு நடுவருக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். துடுப்பாட்டக்காரர் ஓஃப் பக்கம், அதாவது அந்தக் கோட்டை நோக்கி, நகர்ந்து நின்றால், கோட்டுக்கு வெளியே போகும் பந்தும் சாதாரண அடிக்கு எட்டலாம். எட்டினால் வைட் இல்லை. சரி, எதிர்ப்பக்கமான லெக் பக்கம் ஒதுங்கிவிட்டு, வைட் கேட்டுக் கையை விரித்தால்? அதுவும் பலிக்காது, வழமையான இடத்தில் நின்றிருந்தால் எட்டியிருக்குமா என்றும் நடுவர் பார்ப்பார்.

அப்புறம், "வைட்டில் அவுட் இல்லை" என்பதும் பொய். ஸ்டம்பிங், ரன் அவுட், ஹிட் விக்கெட் எல்லாம் செல்லும்.