ஒன்றரைக் கட்டையும் ஐந்து கட்டையும்

(இலங்கை மலையகத்தில் நானுஓயா ரயில் நிலையம். காலை. மூன்றடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிறிஸ்தவப் பாடல்கள் பாடும் தேவசகாயமும் அவர் மனைவி எஸ்தரும் பெஞ்சில் இருக்கிறார்கள். நடுவில் ஆர்மோனியப் பெட்டி. நேற்றிரவுக்குப் பிறகு அது நடுவில் இருப்பதே நல்லது. காலடியில் ஒரு சாக்கும் ஒரு பிரம்புக் கூடையும்.)

எஸ்தர்: நேற்று சுருதியைக் குறைத்தீர்களா, இல்லையா?

தேவசகாயம்: குறைக்கவில்லை.

எஸ்தர்: ஐந்து கட்டையில் தொடங்கிய பாட்டு ஒன்றரைக் கட்டைக்கு எப்படி வந்தது? நடந்தா வந்தது? கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறவள் போலப் பாடினேன். முன்வரிசைப் பாட்டி எனக்குச் சளி என்று இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தேவசகாயம்: பனி, எஸ்தர். ஈரத்தில் பெட்டியின் கட்டைகள் ஊறிவிடும். அழுத்தினால் எழும்பாது.

எஸ்தர்: எழும்பாத கட்டை ஒன்றுதான். நீங்கள் துருத்தி அடித்த நேரமெல்லாம் அது கன்றைத் தொலைத்த பசு போலக் கத்தியது.

தேவசகாயம்: அந்தச் சத்தத்துக்காகவே மற்றவர்கள் காசு கொடுத்துத் தம்பூரா வாங்குகிறார்கள்.

எஸ்தர்: 5,000 அடிக்கு மேலே இந்த நிலை. அடுத்து ரயில் பட்டிப்பொலவுக்கு ஏறும். நாட்டிலேயே உயரமான நிலையம், 6,200 அடிக்கு மேல். பண்டாரவளையில் இறங்கும்போது பெட்டிக்குள் காளான் முளைத்திருக்கும்.

தேவசகாயம்: அடுப்படியில் வைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும்.

எஸ்தர்: பெட்டி சரியாகும். உங்கள் குரலுக்கு ஒன்றரை, என் குரலுக்கு ஐந்து. அதை எந்த அடுப்பில் வைப்பது? வேதக்காரர் சாதகம் பார்ப்பதில்லை, சரி. சுருதிப் பொருத்தமாவது பார்த்திருக்கலாம்.

தேவசகாயம்: உன் அப்பா என் பாட்டைக் கேட்டுத்தானே பெண் கொடுத்தார்?

எஸ்தர்: அவருக்கு வலது காது கேட்காது. நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்.

(சற்று மௌனம். பனிக்குள் யாரோ தும்முகிறார்கள்.)

தேவசகாயம்: காணிக்கையைப் பார்த்தாயா? அன்புள்ள சனங்கள்.

எஸ்தர்: பார்த்தேன். சாக்கில் லீக்ஸும் கரட்டும். கூடையில் சேவல். தோட்டத்தில் பத்தாம் தேதி சம்பளம், அதற்கு முந்திய வாரம் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்?

தேவசகாயம்: ஊழியத்துக்குக் காலண்டர் பார்க்கலாமா? தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். அவரே ஊர் ஊராகப் போய்க் காலட்சேபம் செய்தார்.

எஸ்தர்: அவரோடு படித்தவர் மன்னர். உங்களோடு படித்தவர் லிந்துலையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். அவரும் இன்று காலை முழுக் கூலி வாங்கிக்கொண்டுதான் இங்கே இறக்கிவிட்டார். அது இருக்கட்டும், என் மூன்றாம் சரணத்தை ஏன் வெட்டினீர்கள்?

தேவசகாயம்: நான் வெட்டவில்லை. உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார், பாட்டு தானாக முடிந்துவிட்டது.

எஸ்தர்: அவர் இருபது நிமிடம் ஜெபித்தபோது கடிகாரம் எங்கே போயிருந்தது? சேவல் கூவியதும் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுகிற சரணமே அதுதான்! நேற்று நம் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தார், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

தேவசகாயம்: சனங்களுக்குக் கதை தெரியும்தானே?

எஸ்தர்: சரி, போகட்டும். வருகிற சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறோம். உபதேசியார் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரே, சனிக்கிழமைக்கு எதையாவது ஒப்புக்கொண்டீர்களா?

தேவசகாயம்: நானா? இல்லவே இல்லை.

(கூடைக்குள்ளிருந்து சேவல் கூவுகிறது. நல்ல சுருதி, ஐந்து கட்டைக்குக் குறையாது.)

எஸ்தர்: (விரல் மடக்கி) சுருதி. சரணம். சனிக்கிழமை.

தேவசகாயம்: காலையில் சேவல் கூவாமல் என்ன செய்யும்?

எஸ்தர்: எந்தத் தோட்டம்?

தேவசகாயம்: ஓஹியப் பக்கம். இரண்டே இரண்டு பாட்டு.

எஸ்தர்: காணிக்கை?

தேவசகாயம்: பீட்ரூட் என்று நினைக்கிறேன்.

(ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிறது.)

எஸ்தர்: வெளியே போய் மனங்கசந்து அழப்போகிறீர்களா, பெட்டியைத் தூக்கப்போகிறீர்களா?